குருவிச்சைக்கு ஊற்றிய தண்ணீர்

என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, அந்தச் செடியை முதன்முதல் பார்த்துவிட்டுச் சொன்ன சொல் குருவிச்சை. எங்கள் பக்கத்தில் மாமரம் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல சொல் அல்ல. குருவி எச்சத்தோடு வந்து கொப்பில் ஒட்டி, மரத்துக்குள்ளேயே வேரை இறக்கி, அதன் சாற்றைக் குடித்துக் கொழுக்கிற செடி அது. கண்டால் கொப்போடு வெட்டி எறிவார்கள்.

"மருமகன், குருவிச்சயக் காசி குடுத்தா வாங்கிட்டு வந்தீங்க?"

"இது குருவிச்ச இல்ல மாமா. ஓர்கிட்."

"பேரு என்னவா இரிந்தா என்ன? இன்னொரு மரத்துல ஏறி இரிந்து திங்கிற சாமான்தானே."

ஏறி இருந்து தின்பதைப் பற்றி அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் பாலமுனையில் பிறந்தவன். எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். அப்படித்தான் ஏழு வருடத்துக்கு முன் நான் சாய்ந்தமருதில் இந்த வீட்டுக்கு வந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மருதமுனையிலிருந்து மாமா வந்ததும் அப்படித்தான். மாமரமோ மாமியின் உம்மா வைத்த மரம். 'அப்படிப் பார்த்தா நாம ரெண்டு பேரும் யாரு மாமா?' என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நான் விழுங்கிய கேள்விகள் மிகக் குறைவு என்பதால் இது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேள்வி கேட்பது எனக்கு ஒரு வியாதி. அந்தச் செடி வீட்டுக்கு வந்ததும் அந்த வியாதியால்தான். கந்தோரில், அதாவது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், எங்களைக் கண்டிப் பக்கம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பும்போது வானைத் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில், ரோட்டோரம் ஒரு சிங்களப் பெண் பூச்செடி விற்றுக்கொண்டிருந்தார். மற்றவையெல்லாம் சட்டியில் இருந்தன. ஒன்று மட்டும் சின்ன மரச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மண் இல்லை. வெள்ளைக் கயிறு மாதிரி ஏழெட்டு வேர்கள் வெறும் காற்றில் ஒரு முழத்துக்குத் தொங்கின. பூவும் இல்லை. பூ இருந்த செடிகளை விட்டுவிட்டு நான் இதன் முன்னால் போய் நின்றேன். மண் இல்லாமல் இது எதைத் தின்கிறது?

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எனது சிங்களம் பஸ்ஸில் ஏறவும் தேத்தண்ணி குடிக்கவும் போதும். செடி வளர்க்கப் போதாது. அவர் பூ ஊதா நிறமாக இருக்கும் என்று தன் சட்டை நிறத்தைக் காட்டினார். பிறகு விரலை வானத்தை நோக்கி நீட்டி, "வெஹி வத்துர, வெஹி வத்துர" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். வத்துர என்றால் தண்ணீர், அது விளங்கியது. வானத்தைக் காட்டியதற்கு, மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று நானே அர்த்தம் எடுத்துக்கொண்டேன். சிங்களப் பெண்ணானாலும் நல்ல ஈமானுள்ள மனுஷி என்று வான் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அது மாரிகாலம். நான் உடுத்த பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, செடியை மாமரத்தின் அடிமரத்தில் என் நெஞ்சளவு உயரத்தில் கட்டினேன். மழை பெய்தது. வேர்கள் நனைந்ததும் வெள்ளை போய்ப் பச்சையாகின. காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகின. இப்படி ஒரு வேரை நான் அதற்கு முன் கண்டதில்லை. விரலை நனைத்து வேரின் ஒரு இடத்தில் வைத்தால் அந்த இடம் மட்டும் பச்சையாகும். கந்தோர் விட்டு வந்ததும் சேர்ட்டைக் கழற்றாமல் போய் அதைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு மாதத்தில் புது வேர் ஒன்று பச்சை நுனியோடு வந்து, காற்றில் தொங்காமல் மரத்தை நோக்கித் திரும்பி, பட்டையில் ஒட்டிக்கொண்டது. கண்ணில்லாத வேருக்கு மரம் இந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் சொன்னது?

"ஒரு நாளைக்காவது என்ட முகத்த இப்பிடிப் பாத்திரிக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவள் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள், அதனால் அவளுடைய கேள்விகளுக்கு ஒரு விடைதான் இருக்கும்.

வேர் மரத்தில் ஒட்டியதை மாமாவும் கண்டார். அவர் மக்காவில் பதினொரு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்து, இப்போது முழங்கால் நோவோடு வாசல் கதிரையில் இருப்பவர். பேச்சுக் குறைவு, பேசினால் தீர்ப்பு.

"புடிச்சிட்டு பாத்தீங்களா? இனி உறிஞ்சத் தொடங்கும். செல்லிட்டன் மருமகன், இந்த வருஷம் மாங்கா குறைஞ்சா கத்தியோட வருவன்."

சொன்னால் செய்வார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள், அலுமாரியில் இரண்டு தட்டு, பிறகு இந்தச் செடி. கதிரையிலிருந்து கட்டில் வரைக்கும் மற்றதெல்லாம் அவர்கள் போட்டு வைத்தது. செடியைத்தான் நானாகக் கொண்டுவந்தேன். அது பூப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமான ஆசை இருந்தது. மாங்காய்க் காலத்துக்குள் பூத்துவிட்டால் மாமாவுக்கும் மனம் மாறும் என்று கணக்குப் போட்டேன்.

மாரி முடிந்தது. சித்திரை வெயில் தொடங்கியதும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து வளவுதான். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. இரண்டு வாரத்தில் வேர்களில் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஒரு வெள்ளை படிந்தது. தொட்டு நக்கிப் பார்த்தேன், உப்பு. புது வேரின் பச்சை நுனி கறுத்துப் போயிருந்தது. குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். அதில் மருந்து மணம், அதிலும் செடி தேறவில்லை. மறுநாள் கந்தோரில் அம்பாறையிலிருந்து வேலைக்கு வரும் சிங்கள நண்பரிடம் கேட்டேன், வெஹி என்றால் என்ன?

"மழ," என்றார்.

நாலு மாதம் வேலைக்குப் போய்வந்துகொண்டு, பக்கத்து மேசையில் இருந்தவரிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். நெற்றியில் அடித்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தான் அந்தப் பெண் வானத்தைக் காட்டியிருக்கிறார். எங்கள் கரையிலோ ஐப்பசி வரைக்கும் மழை என்ற பேச்சே இல்லை.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தோர்ப் பின்பக்கம் கை கழுவப் போனபோது, ஏசியின் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைக் கண்டேன். உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். ஒரு ருசியும் இல்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வடிகிறது என்றால் இதுவும் ஒரு வகை மழைதானே? எனக்கு வந்த சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பின்பக்கம் பூனை மட்டும்தான் நின்றது.

பிடித்து எடுத்துப் போக ஏனம் வேண்டுமே. எங்கள் கந்தோரில் யாராவது ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் மக்காவின் புனிதக் கிணறான ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு பகிர்வார்கள். தண்ணீர் முடிந்த பிறகும் அந்த ஐந்து லீற்றர் வெள்ளைக் கேன்களை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். மக்காவிலிருந்து வந்த பொருள். அலுமாரி மேல் இரண்டு வெறுங்கேன்கள் தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றை எடுத்துக் கழுவினேன். ஒன்றை ஏசிக் குழாயின் கீழ் வைத்தேன். அது நிறைந்ததும் உரப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுபோவேன், அடுத்த நடையில் வெறுங்கேனை அதே பையில் போட்டுக் கந்தோருக்குக் கொண்டுவருவேன். வீட்டில் எப்போதும் ஒரு கேன், கந்தோரில் ஒரு கேன். பார்க்கிறவர்களுக்கு வீட்டில் இருப்பது ஒரே கேன் போலத்தான் தெரியும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடி ஒரு வாரத்தில் நிமிர்ந்தது. கறுத்த நுனிக்குப் பக்கத்தில் வேறொரு வேர் எட்டிப் பார்த்தது. போத்தல் மூடியில் ஊசியால் துளையிட்டு, காலையும் மாலையும் வேர் நனைய நனைய ஊற்றினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் கேனில் தண்ணீர் குறையத் தொடங்கியது.

மூன்று நாளைக்குப் போதுமாயிருந்த தண்ணீர் இரண்டு நாளில் முடிந்தது. முதலில் ஓட்டை என்று நினைத்துக் கேனின் அடியில் பேப்பர் விரித்து வைத்தேன். பேப்பர் காய்ந்தே கிடந்தது. வெயிலுக்கு ஆவியாகிறதோ என்று பக்கத்தில் ஒரு போத்தலில் தண்ணீர் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்; போத்தல் குறையவில்லை. பேனையால் கேனில் கோடு கிழித்தேன். பின்னேரம் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல். என் அறிவுக்கு எட்டிய அத்தனை விஞ்ஞானத்தையும் அந்தக் கேனில் பரிசோதித்தேன். அதற்கிடையில் கேன் இருக்கும் இடமும் மாறியிருந்தது. நான் சமையல் குசினி வாசலில் நிலத்தில் வைத்தால், பின்னேரம் உள்ளே உயரமான தட்டில், துடைத்து, வாயை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கும். மாமி துப்புரவான மனுஷி என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மாமியிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க முடியாது. எங்கள் ஊரில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது பகை அல்ல, மரியாதை. நான் சாப்பிட இருக்கும்போது மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "கறி இன்னும் இரிக்கி எண்டு செல்லு" என்பார். மனைவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார். நானும் சுவரைப் பார்த்து, "போதும் எண்டு செல்லுங்க" என்பேன். ஏழு வருடமாக அந்தச் சுவர்தான் எங்கள் இருவருக்கும் நடுவே கதை காவியது.

ஆனி மாதம் கச்சான் காற்று எழும்பியது. மேற்கே வயல் பக்கமிருந்து அடுப்பு வாய் மாதிரி அடிக்கும் காற்று அது. செடிக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டிய நேரத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. இலைகள் மடிந்து தொங்கின. குறைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தேன். உப்பு மறுபடி படிந்தது. ஒரு இலை மஞ்சளாகி விழுந்த அன்று எனக்குக் கந்தோரில் வேலையே ஓடவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகை நேரத்துக்கே வீட்டுக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு, கேனைப் பார்ப்போம் என்று பின்பக்கத்தால் குசினி யன்னலுக்கு வந்தேன்.

மாமி தட்டிலிருந்து கேனை இரண்டு கையாலும் இறக்கினார். ஒரு கிளாஸ் நிறைய ஊற்றினார். மாமா சுவரைப் பிடித்து, முழங்காலை மெதுவாக நிமிர்த்தி எழும்பி, மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்றார். "கால் சுகமாகணும் எண்டு நிய்யத்து வெய்ங்க," என்றார் மாமி. மாமா பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார். கிளாஸின் அடியில் மிஞ்சிய துளியை மாமி உள்ளங்கையில் ஊற்றி, குனிந்து அவருடைய முழங்காலில் தடவினார்.

எங்கள் கந்தோர் ஏசியை எப்போது கழற்றிக் கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தரம் அதற்குள்ளிருந்து ஒரு பல்லி, காய்ந்து கருவாடாகி, மேசையில் விழுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை என் மாமா ஸம்ஸம் என்று நினைத்துக் கிப்லாவைப் பார்த்துக் குடிக்கிறார். வந்த வழியே திரும்பி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடற்கரையில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். கேனில் இருப்பது ஏசித் தண்ணீர் என்பது தாய்க்குத் தெரியாது என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. உம்மாவிடம் நைசாகக் கேட்டுவிட்டு வந்து, கட்டிலில் விழுந்து தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் கதை சொல்ல முடிந்தது.

மாமி முதல் நாளே கேனைக் கண்டிருக்கிறார். மருமகன் எங்கிருந்தோ ஸம்ஸம் கொண்டுவந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். மறுநாள் காலை நான் அதைக் கொண்டுபோய் மாமரத்துக் குருவிச்சைக்கு ஊற்றுவதைக் கண்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். மருமகனைக் கேட்க ஏலாது. மகளைக் கேட்டால் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வரும். அதனால் வீணாய்ப் போவதில் கொஞ்சத்தையாவது நோய்க்காரருக்குக் கொடுப்போம் என்று ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் ஒரு கிளாஸ் எடுத்திருக்கிறார்.

"இன்னொண்டு கேளுங்க," என்றாள் மனைவி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கேன்ல தண்ணி குறையிறதே இல்லையாம். எடுக்க எடுக்க நிறைஞ்சி இரிக்காம். அல்லாஹ்ட பரக்கத்தாம். உம்மா ஒருத்தருட்டயும் செல்லல்லியாம், செல்லிட்டா நிண்டிரும் எண்டு பயமாம்."

ஒரே கேனை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏன் குறைகிறது என்று நான் வாசலில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் ஏன் குறையவில்லை என்று மாமி குசினிக்குள் அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நீ செல்லிரு," என்றேன்.

"நானா? நீங்க செய்த வேல. நீங்களே செல்லுங்க."

எப்படிச் சொல்வது? சுவரிடம் சொல்லலாம் என்றால், சுவருக்குச் சொல்கிற விஷயமா இது? தெரியாமல் நடந்தது தவறு. இனித் தெரிந்துகொண்டே அந்தக் கேனை நிரப்பி வைத்தால் அது பொய். சொன்னாலோ, குருவிச்சைக்காகப் பெரியவருக்கு ஏசித் தண்ணி குடிக்கக் கொடுத்தவன் என்று ஆகும். மாங்காய் வேறு அந்த வருடம் குறைவாகத்தான் நின்றது. கத்திக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. நான் வாய் திறந்தால் செடி போய்விடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லுகிறேனே, நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு மாமியின் மனம் பாதிக் காரணம்தான். மறுபாதி அந்தச் செடி.

கோழை செய்கிற வேலையைச் செய்தேன். கேனை மாற்றுவதை நிறுத்தினேன். வீட்டுக் கேனில் மிச்சம் இருந்தது ஒரு சாண் தண்ணீர். கெதியாக முடிந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். செடிக்கு இரண்டு சோடாப் போத்தலில் ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றினேன். கேனில் தண்ணீர் இறங்க இறங்க மாமியின் குரலும் இறங்கியது. "கறி இரிக்கி எண்டு செல்லு" என்று சுவரிடம் சொல்வதுகூடக் கேட்குதோ இல்லையோ என்று ஆனது. நான்காம் நாள், தான் என்ன பாவம் செய்தேனோ, பரக்கத்து நின்றுவிட்டது என்று மகளிடம் சொல்லி அழுதிருக்கிறார். நாளைக்குச் சொல்லிவிடுவது, செடி போனால் போகட்டும் என்று அன்றுதான் முடிவு கட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து படலையைத் திறந்தபோது மாமா எனக்கு முன்பே வந்து மாமரத்தடியில் நின்றார். கையில் கத்தி. செடியின் வேரில் வைத்திருந்தார்.

ஓடினேன். "மாமா, பொறுங்க! ஒண்டு செல்லணும். செல்லிட்டு நானே கழட்டித் தாறன்."

அவர் திரும்பவில்லை. கத்தியின் முனையால் ஒரு வேரின் ஓரத்தை, புண்ணில் ஒட்டிய துணியை எடுப்பது போல, மெதுவாகக் கிளப்பினார். "இஞ்ச வாங்க. பாருங்க. உள்ளுக்கு இறங்கல்ல. மரத்துல ஒரு ஓட்ட இல்ல, வீக்கம் இல்ல. குருவிச்ச எண்டா மரம் வீங்கும். இது மேலால புடிச்சிட்டுத்தான் இரிக்கி." வேரை விரலால் அமர்த்தி மறுபடி பட்டையோடு ஒட்ட வைத்தார். "மாங்கா குறைஞ்சது இதால இல்ல. பிஞ்சக் கச்சான் கொட்டிட்டு. நீங்க என்ன செல்ல வந்த?"

"அந்தக் கேன்ல இரிந்தது ஸம்ஸம் இல்ல மாமா."

"தெரியும்."

"தெரியுமா?"

"பதினொரு வருஷம் அந்தத் தண்ணியக் குடிச்சவன் நான். ஸம்ஸம் நாக்குல லேசாக் கரிக்கும். இது சப்புண்டு இரிந்திச்சி, மழத்தண்ணி மாதிரி. மழ இல்லாத மாசத்துல மருமகனுக்கு மழத்தண்ணி எங்கால கிடைக்கி எண்டுதான் நானும் யோசிச்சிட்டு இரிந்தன்."

"ஏசித் தண்ணி மாமா. எங்கட கந்தோர் ஏசி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். ஏழு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பல்லியைப் பற்றி நான் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

"தெரிஞ்சிட்டு ஏன் மாமா குடிச்சீங்க?"

சிரிப்பு நின்றது. கத்தியைச் சாரத்தில் துடைத்தார். "ஸம்ஸம் எண்டு அவ தந்தா. நான் ஸம்ஸம் எண்டு குடிக்கல்ல மருமகன். அவ தாறா எண்டு குடிச்சன்."

மாமிக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கிறன். நீங்க இதுக்குத் தண்ணியக் கொண்டு வாங்க, காஞ்சி போகுது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். படியில் ஏறும்போது அவர் சுவரைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தினமும் எழும்பி நின்று நின்றே முழங்கால் பழகிவிட்டதா, வேறென்ன என்று எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நீல நிற எண்ணெய்க் கேன் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்தேன், எல்லாரும் பார்க்க. மாமா மாமியிடம் என்ன சொன்னார், எப்போது சொன்னார், மாமி என்ன சொன்னார் என்று ஒன்றும் தெரியவில்லை. மனைவியைத் துளைத்தெடுத்தேன், அவளுக்கும் தெரியவில்லை.

ஆவணியில் இலைக் கக்கத்திலிருந்து பச்சை நிறத்தில் ஒரு முளை வந்தது. இன்னொரு வேர் என்று நினைத்தேன். அது மரத்தின் பக்கம் திரும்பாமல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியதும்தான் விளங்கியது. ஆறு வாரம். மொட்டு எத்தனை, இன்றைக்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்று ஸுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்போம். நான் பார்க்கும்போது மாமாவும் பக்கத்தில் நிற்பார். முதல் பூ விரிந்த காலையில் இருவரும் கிட்டப் போய்ப் பார்த்தோம். அந்தப் பெண் காட்டிய சட்டையின் ஊதா இல்லை. அதைவிடக் கருமை, உள்ளே வலை பின்னியது போல் கோடுகள்.

பின்னால் ஆள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாமி. முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பூவைப் பார்த்தார். சுவர் அங்கே இல்லை. மாமரத்தைப் பார்த்து, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"ஊத்தினது இதுக்கு. கால் சுகமானது அவருக்கு."

சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், கிணற்றடிக்குப் போய்விட்டார். மாமா பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் கந்தோர் விட்டு வந்தேன். குசினியைக் கடக்கும்போது கண்டேன். பழைய வெள்ளைக் கேன் அதே தட்டில், வாயில் வெள்ளைத் துணியோடு இருந்தது. மாமி கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினார். மாமா கதிரையை விட்டு எழும்பி, மேற்கே திரும்பி நின்று, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார்.

கேனில் இப்போது இருப்பது என்ன தண்ணீர்? வாசலில் நின்றேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.